கோணல் வட்டம், நழுவிய எழுத்து: முதலாம் எட்வர்டின் வெள்ளிப் பென்னி பற்றி

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் மகன் அங்கே ஒரு நாணயக் கடையில் வாங்கிய வெள்ளிக் காசு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். உறையில் 'முதலாம் எட்வர்டு, பென்னி, லண்டன்' என்று எழுதியிருக்கிறது. வட்டம் சரியாக இல்லை. எழுத்துகள் ஒரு பக்கமாக நழுவியிருக்கின்றன. தகடும் மிக மெல்லியது. சோழர் செப்புக் காசுகளை நீண்ட காலமாகச் சேர்த்துவரும் எனக்கு இதைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. இது அசலா? அந்தக் காலத்தில் இதைக் கொண்டு சந்தையில் என்ன வாங்கியிருப்பார்கள்?

பதில்:

காசை நேரில் பார்க்காமல் அசல் என்று யாரும் உறுதி கொடுக்கக் கூடாது, நானும் கொடுக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டு எழுதியிருக்கும் மூன்று அடையாளங்களுமே அசலுக்குச் சாதகமானவை. கோணல் வட்டமும் நழுவிய எழுத்தும் மெல்லிய தகடும் சம்மட்டியால் அடித்த காசுக்கு இயல்பு. உங்களிடம் இருக்கும் ராஜராஜன் காசும் அச்சில் வைத்து அடித்ததுதான். செம்பு தடிமனாக இருப்பதால் அந்தக் கோணல் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. 'சாமானியரின் அன்றாடக் காசு' என்று சொல்லித்தான் கடைக்காரர்கள் இதை விற்கிறார்கள். அன்றாடம் கைமாறியது உண்மை. ஆனால் அன்றாடச் செலவுக்கு இது அளவுக்கு மீறிப் பெரிய காசு. கால் படி உப்பு வாங்கப் போகிறவனிடம் இருந்த மிகச் சிறிய காசுகூட அந்த உப்பைவிட விலை கூடியதாக இருந்தது என்பதுதான் இடைக்கால இங்கிலாந்தின் தீராத தொல்லை. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் காசை அடித்த விதம்.

வெள்ளியை உருக்கி, மாற்று (அதாவது தூய்மை) பார்த்து, கட்டியாக வார்ப்பார்கள். அதைத் தட்டி மெல்லியதாக்கி, காசளவுக்கு வெட்டி, ஓரம் தட்டி வட்டமாக்குவார்கள். அச்சுகள் இரண்டு. கீழ் அச்சின் அடியில் ஆணி போன்ற கூர்முனை இருக்கும். அதைக் கனமான மரக்கட்டையில் இறக்கி அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அரசன் தலை பெரும்பாலும் இந்தக் கீழ் அச்சில்தான் இருக்கும். மேல் அச்சு தனியாக ஒரு தடித்த இரும்புத் தண்டு; மறுபக்கத்துச் சிலுவை அதில் இருக்கும். வெள்ளி வில்லையைக் கீழ் அச்சின் மேல் வைத்து, மேல் அச்சை ஒரு கையால் அதன் மேல் நிறுத்தி, மறு கையால் சம்மட்டியை ஓங்கி இறக்கினால் காசு பிறந்துவிடும். இயந்திரம் கிடையாது, வில்லையைச் சுற்றி வளையம் கிடையாது. அடி சற்றுச் சாய்ந்து விழுந்தால் ஒரு பக்க எழுத்து அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பதியும். வில்லை ஒரு நூல் தள்ளியிருந்தால் எழுத்து வட்டத்தில் பாதி வெளியே போய்விடும். சில காசுகளில் ஒரே எழுத்து இரண்டு முறை நிழல்போல விழுந்திருக்கும். முதல் அடி போதவில்லை என்று இரண்டாவது அடி அடித்ததன் தடம் அது.

அடியை நேராக வாங்குவது மேல் அச்சு என்பதால் அதுதான் முதலில் தேய்ந்து, பிளந்து போகும். ஒரு கீழ் அச்சு உயிரோடு இருக்கும்போதே இரண்டு மூன்று மேல் அச்சுகள் மாறிவிடும். இன்றைய ஆய்வாளர்களுக்கு இது ஒரு வரம். ஒரே தலை அச்சு எந்தெந்தச் சிலுவை அச்சுகளோடு சேர்ந்து வருகிறது என்று கோத்துக்கொண்டே போனால், எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று ஓர் ஒழுங்கு கிடைத்துவிடும். அச்சில் எழுத்தைச் செதுக்கவும் இல்லை. நேர்கோடு, பிறை, ஆப்பு என்று முனை கொண்ட சில இரும்பு முளைகளை வைத்துத் தட்டித் தட்டியே எழுத்துகளைச் சேர்த்தார்கள். மன்னனின் முடிக்கற்றைக்கும் கிரீடத்துக்கும் தனித்தனி முளைகள். எட்வர்டு காலத்தில் அச்சு செய்யும் வேலை பெரும்பாலும் லண்டனில் நடந்தது. கான்டர்பரி, பிரிஸ்டல், யார்க், லிங்கன், நியூகாசில் போன்ற வெளியூர் அக்கசாலைகளுக்கு, அதாவது காசு அடிக்கும் கூடங்களுக்கு, அங்கிருந்தே அச்சுகள் போயின.

தலைப்பக்கத்தில் இருப்பவர் எட்வர்டு என்று நினைத்துப் பார்க்காதீர்கள். கிரீடம் சூடி, இருபுறமும் சுருண்ட முடியோடு நேராகப் பார்க்கும் அந்த முகம் எவருடைய சாயலும் இல்லை. அவர் மகன் காலத்திலும் பேரன் காலத்திலும் கிட்டத்தட்ட அதே முகம்தான். பெயர்கூட மாறாமல் போன காலம் உண்டு. 1180இல் இரண்டாம் ஹென்றி தொடங்கிய குறுஞ்சிலுவைக் காசில் இருந்த 'ஹென்றி அரசன்' என்ற பெயர், அவருக்குப் பின் வந்த ரிச்சர்டு, ஜான் இருவர் ஆட்சியிலும் மாற்றப்படவே இல்லை. பெயர் மாறினால் சந்தையில் தயக்கம் வரும் என்பதற்காகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம்.

உங்கள் காசில் தலையைச் சுற்றி இருப்பது சுருக்கப்பட்ட இலத்தீன்: 'எட்வர்டு, இங்கிலாந்தின் அரசன், அயர்லாந்தின் தலைவன்'. மறுபக்கம் விளிம்புவரை நீண்ட சிலுவை, அதன் நான்கு மூலைகளிலும் மும்மூன்று புள்ளிகள், சுற்றிலும் 'லண்டன் நகரம்'. தலை ஒரு முக்கோணத்துக்குள் இருந்தால் அது அயர்லாந்தில் புழங்க அடித்தது. முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்து, புள்ளிகளுக்குப் பதிலாக நட்சத்திரங்கள் இருந்தால் அது ஸ்காட்லாந்து. ஆங்கிலச் சந்தைகளில் இவையும் கலந்து ஓடின.

உங்கள் வகைக் காசு தொடங்கியது 1279இல். அதற்கு முந்தைய பென்னி கிடைத்தால் சிலுவைப் பக்கத்தை இன்னும் கவனமாகப் படியுங்கள். அங்கே ஊர்ப் பெயரோடு ஓர் ஆளின் பெயரும் இருக்கும்: 'லண்டனில் நிக்கோல்' என்பதுபோல. அவர்தான் அந்தக் காசுக்குப் பொறுப்பான அக்கசாலைக்காரர். எடையோ மாற்றோ குறைந்தால் யாரைப் பிடிக்க வேண்டும் என்பதைக் காசே சொல்லிவிடும். பிடிக்கவும் செய்தார்கள். 1124இல் காசு கெட்டுப்போய், ஒரு பவுண்டு மதிப்புக்கு, அதாவது 240, பென்னி வைத்திருப்பவன் அதில் பன்னிரண்டு பென்னிக்குக்கூடச் சந்தையில் பொருள் வாங்க முடியவில்லை என்று அந்தக் கால ஆங்கில வரலாற்றுக் குறிப்பு புலம்புகிறது. முதலாம் ஹென்றி நாட்டின் அக்கசாலைக்காரர்களை அந்தக் கிறிஸ்துமஸுக்கு வின்செஸ்டருக்கு வரவழைத்தார். வந்தவர்களின் வலது கையும் விதைப்பையும் வெட்டப்பட்டன. தண்டனை பெற்றவர்கள் 94 பேர் என்று ஒரு மடத்துக் குறிப்பு கணக்குச் சொல்கிறது. எட்வர்டு 1279இல் நாணய முறையைத் திருத்தியபோது இந்தப் பெயர்கள் நீங்கின. மார்சேயிலிருந்து வந்த வில்லியம் டி டர்னமைர் அக்கசாலைகளுக்குத் தலைமை அலுவலரானார். பொறுப்பு ஒருவரிடம் குவிந்தது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தின் அக்கசாலை மட்டும் ராபர்ட் டி ஹாட்லி என்ற பெயரைச் சிறிது காலம் விடாமல் போட்டுக்கொண்டிருந்தது. உங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் தேடுகிற காசு அது.

இனி எடை. கழஞ்சும் மஞ்சாடியும் குன்றிமணியும் அறிந்த உங்களுக்கு இது எளிதாகப் புரியும். ஓரம் வெட்டப்படாத ஒரு பென்னி, கதிரின் நடுவில் விளைந்த 32 கோதுமை மணிகளின் எடை இருக்க வேண்டும் என்பது அந்தக் காலச் சட்ட வாசகம். இருபது பென்னி ஓர் அவுன்ஸ், பன்னிரண்டு அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஆக 240 பென்னி எடையில் ஒரு பவுண்டு, கணக்கிலும் ஒரு பவுண்டு. எட்வர்டு திருத்தத்தில் ஒரு பவுண்டு வெள்ளியிலிருந்து 243 காசு அடித்தார்கள். அப்படியானால் ஒரு காசு ஏறக்குறைய 1.44 கிராம். வெள்ளி ஆயிரத்துக்கு 925 பங்கு, மீதி செம்பு. இன்றும் நகைக்கடையில் ஸ்டெர்லிங் வெள்ளி என்று விற்பது இதே மாற்றுதான்.

அக்கசாலை ஒவ்வொரு காசாக எடை போட்டு வெளியிடவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை காசு என்று மொத்தமாகத்தான் சரிபார்த்தது. அதனால் தனிக்காசுகளில் கொஞ்சம் கூடவும் குறையவும் இருந்தது. கைத்தராசு வைத்திருந்த வியாபாரிக்கு இது போதும். கனமானதைப் பொறுக்கி உருக்கிவிட்டு, இலேசானதைச் சந்தைக்கு அனுப்பினால் லாபம். வெளியாகும் காசிலிருந்து சிலவற்றை எடுத்து ஒரு பெட்டியில் போட்டு, பிறகு உருக்கிச் சோதிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் உண்டு. 1282இலிருந்தே ஆவணம் இருக்கிறது. அந்தப் பெட்டிச் சோதனை இன்றும் லண்டனில் ஆண்டுதோறும் நடக்கிறது.

பொறுக்குவதைவிடப் பெரிய திருட்டு ஓரம் வெட்டுவது. காசின் விளிம்பைக் கத்தரியால் மெல்லச் சீவி, சீவலைச் சேர்த்து உருக்குவார்கள். 1180இன் காசில் சிலுவை சிறியது, எழுத்து வட்டத்தோடு நின்றுவிடும். வெளி விளிம்பைச் சீவினாலும் யாருக்கும் சட்டென்று தெரியாது. அதனால்தான் 1247இல் மூன்றாம் ஹென்றி சிலுவையின் நான்கு கைகளையும் விளிம்புவரை நீட்டினார். நான்கு முனையும் தெரியாத காசு செல்லாது என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மீன்காரிகூடப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு முறை அது. இவ்வளவு எளிமையான ஏற்பாட்டை நான் வேறெந்த நாணயத்திலும் ரசித்ததில்லை. ஆனாலும் வெட்டு நிற்கவில்லை.

அந்தக் குற்றத்தின் பெயரால் நடந்த கொடுமையையும் சொல்லாமல் விடக் கூடாது. 1278 நவம்பரில் நாடெங்கும் யூதர்கள் ஒரே நேரத்தில் கைது செய்யப்பட்டனர். சுமார் 680 பேர் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு லண்டனில் 260க்கும் மேற்பட்ட யூதர்கள் தூக்கிலிடப்பட்டனர். ஓரம் வெட்டிய கிறிஸ்தவப் பொற்கொல்லர்களும் வியாபாரிகளும் பிடிபட்டார்கள். அவர்களில் பலர் அபராதத்தோடு தப்பினார்கள்; தூக்குக்குப் போனவர்கள் சிலரே. தூக்கிலிடப்பட்டவர்களின் சொத்து அரசனுக்குப் போயிற்று. 1290இல் யூதர்கள் முழுவதுமாகவே நாட்டைவிட்டு விரட்டப்பட்டார்கள். அந்த 1279ஆம் ஆண்டில்தான் உங்கள் கையில் இருக்கும் வகைக் காசும் புதிதாக வெளிவந்தது. பழைய நீள்சிலுவைக் காசுகளை வாங்கி உருக்கிப் புதிதாக அடித்தார்கள்.

சரி, இதை வைத்து என்ன வாங்கலாம்?

1300ஐ ஒட்டிய காலத்தில் கட்டட வேலையில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று பென்னி. சிற்றாளுக்கு ஒன்றரைப் பென்னி. கொள்ளைநோய்க்குப் பிறகு கூலி ஏறிவிடாமல் தடுக்க 1351இல் வந்த சட்டத்தில் வைக்கோல் உலர்த்தும் ஆளுக்கு நாளுக்கு ஒரு பென்னிதான். ஆக உங்கள் கையில் இருக்கும் ஒரு காசு சிற்றாளின் முக்கால் நாள் உழைப்புக்குச் சற்றுக் குறைவு. பீர் விலையை நிர்ணயித்த பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சட்டம், தானியம் சாதாரண விலையில் இருந்தால் நகரத்தில் ஒரு பென்னிக்கு இரண்டு கேலன், வெளியூரில் மூன்று அல்லது நான்கு கேலன் விற்கலாம் என்கிறது. ஒரு கேலன் ஏறக்குறைய நான்கரை லிட்டர். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்திலேயே ஒரு பென்னிக்கு ஒன்பது லிட்டர். கால் பென்னி கொடுத்தால்கூட இரண்டு லிட்டருக்கு மேல். வேலை முடிந்து வருகிறவனுக்குத் தேவை ஒரு குவளை. அதற்கு ஈடான காசு அந்த நாட்டிலேயே இல்லை.

ஐந்நூறு ரூபாய்த் தாளை நான்காகக் கிழித்த துண்டுதான் நாட்டின் மிகச் சிறிய பணம் என்று வைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனால் எப்படி இருக்கும்? அதுதான் அவர்கள் நிலை.

நான்காகக் கிழிப்பது என்று சொன்னது கற்பனை இல்லை. 1279வரை அரைப் பென்னியும் கால் பென்னியும் தேவைப்பட்டால் காசைச் சிலுவைக் கோட்டின் மேலேயே வெட்டினார்கள். வெட்ட வசதியாகச் சிலுவை இரட்டைக் கோடாக இருந்தது. அக்கசாலையிலேயே வெட்டிக் கொடுத்ததும் உண்டு. மெட்டல் டிடெக்டரோடு இங்கிலாந்து வயல்களில் நடப்பவர்களுக்கு இன்றும் முழுக் காசோடு அரைவட்டமும் கால்வட்டமுமாக வெள்ளித் துண்டுகள் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் அன்றாட வியாபாரத்தின் உண்மையான சாட்சி அந்தத் துண்டுகள்தான். சேமிப்புக்குப் போனது முழுக் காசு. சந்தையில் ஓடித் தொலைந்தது துண்டு.

எட்வர்டு துண்டாக்குவதை நிறுத்திவிட்டு, கால் பென்னியையும் அரைப் பென்னியையும் வட்டக் காசாகவே அடிக்கச் செய்தார். 1279இல் கால் பென்னி, அடுத்த ஆண்டு அரைப் பென்னி. நல்ல யோசனைதான். ஆனால் கால் பென்னி என்றால் கால் பங்கு வெள்ளி: அரைக் கிராமுக்கும் குறைவு. சுண்டுவிரல் நகமளவு தகடு. அக்கசாலைக்கோ அதை அடிக்க ஒரு பென்னி அடிக்கும் அதே உழைப்பு, நான்கு மடங்கு. கூலியோ வெள்ளியின் எடைக்குத்தான். யார் ஆர்வத்தோடு அடிப்பார்கள்? வெள்ளி கொண்டுவரும் பெரிய வியாபாரிக்கும் சில்லறை தேவையில்லை; அவனுக்கு எண்ண எளிதான பென்னி போதும். இப்படி அடிப்பவனும் விரும்பாமல் அடிக்கச் சொல்பவனும் விரும்பாமல் சில்லறை எப்போதும் பஞ்சத்திலேயே இருந்தது. 1402இல் நாடாளுமன்றம்வரை முறையீடு போயிற்று. அக்கசாலைக்கு வரும் வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கை அரைப் பென்னியாகவும் கால் பென்னியாகவும் அடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். லண்டன் துறைக்கு வந்த வெனிஸ் கப்பல்காரர்களின் சின்ன வெள்ளிக் காசுகளை மக்கள் அரைப் பென்னியாக எடுத்துக்கொண்டார்கள். அரசு அவற்றைத் தடைசெய்துகொண்டே இருந்தது, மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஈய வில்லைகளும் ஓடின.

இவை எதுவும் கிடைக்காதபோது மிஞ்சுவது கடன். வெட்டுக்குறி போட்ட கோலை நடுவில் பிளந்து, கடன் கொடுத்தவர் ஒரு பாதியும் வாங்கியவர் மறுபாதியும் வைத்துக்கொள்வார்கள். அறுவடைக்குப் பிறகோ கூலி வந்த பிறகோ கணக்குத் தீரும். அந்தக் கால ஊர் நீதிமன்றக் குறிப்புகளைப் பார்த்தால் சில பென்னிக் கடனுக்கான வழக்குகள் மலிந்து கிடக்கும். காசு இருந்தும் காசில்லாமல் வியாபாரம் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ரொட்டிக் கதை இதைவிடச் சுவையானது. கால் பென்னிக்குக் கீழே காசு இல்லாததால் ரொட்டியின் விலையை ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. அதனால் விலையை நிறுத்திவிட்டு ரொட்டியை ஏற்றி இறக்கினார்கள். ஒரு குவார்ட்டர் (அந்தக் காலத் தானிய அளவு) கோதுமை 12 பென்னிக்கு விற்றால் கால் பென்னி வெள்ளை ரொட்டி இவ்வளவு எடை. கோதுமை விலை ஏற ஏற ரொட்டி சிறுத்துக்கொண்டே போகும். சட்டம் அந்த எடையை எதில் சொல்கிறது தெரியுமா? காசில். ரொட்டியின் எடை ஆறு பவுண்டு பதினாறு ஷில்லிங் (ஒரு ஷில்லிங் 12 பென்னி) இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. விலை என்று நினைத்துவிடக் கூடாது. தராசின் ஒரு தட்டில் ரொட்டி, மறு தட்டில் அத்தனை பென்னி. 1,632 காசின் எடை, ஏறக்குறைய இரண்டே கால் கிலோவுக்கு மேல். 1300ஐ ஒட்டிக் கோதுமை ஆறு ஷில்லிங்குக்கு விற்றபோது அதே கால் பென்னி ரொட்டி நானூறு கிராம் அளவுக்கு இளைத்திருக்கும். நம் கடைகளில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் விலை மாறாமல் சிறுப்பதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள், அங்கே அது சட்டமாகவே இருந்தது என்பதை அறிந்துகொள்ளலாம்.

சோழ நாட்டுச் செப்புக் காசுகளைச் சேர்ப்பவர் நீங்கள் என்பதால் இதைக் கேட்கத் தோன்றும்: செம்பில் அடித்திருந்தால் தீர்ந்திருக்குமே? தீர்ந்திருக்கும். ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் இங்கும் இலங்கையிலும் குவியல் குவியலாகக் கிடைப்பதே, அவை கீழ்மட்டச் சந்தைவரை இறங்கி ஓடின என்பதற்குச் சான்று. ஆனால் ஆங்கிலேயர் மனத்தில் காசு என்றால் வெள்ளி. அதன் மதிப்பு அதற்குள்ளேயே இருக்க வேண்டும். செம்பில் காசா, அது ஏமாற்று என்ற பிடிவாதம் வெகுகாலம் விடவில்லை. முதலாம் ஜேம்ஸ் 1613இல்தான் தனியாருக்கு உரிமம் கொடுத்துச் செப்பில் கால் பென்னி வில்லைகளை அடிக்கவிட்டார். அரசே முறையாகச் செப்பில் கால் பென்னி அடித்தது 1672இல். ராஜராஜன் காலத்திலிருந்து எண்ணினால் அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல்.

இந்தப் பிடிவாதத்துக்கு மறுபக்கமும் உண்டு. வெள்ளியின் மாற்றை இங்கிலாந்து பல நூற்றாண்டுகள் கெடுக்கவே இல்லை. அண்டை நாட்டு மன்னர்கள் செம்பைக் கலந்துகொண்டே போனபோது, ஆங்கிலப் பென்னிக்கு ஐரோப்பாவில் நல்ல பெயர் இருந்தது. நல்ல பெயர் இருந்தால் போலியும் வரும். 1290களில் நெதர்லாந்துப் பகுதிச் சிற்றரசர்கள் அசப்பில் அதே தோற்றத்தில் வெள்ளி குறைத்துக் காசு அடித்து அனுப்பினார்கள். ஆட்டு மயிர் வாங்க வந்த வியாபாரிகளின் பையில் அவை மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. எட்வர்டு 1299 கிறிஸ்துமஸ் முதல் அவற்றை அரைப் பென்னி மதிப்புக்கு இறக்கினார். அடுத்த ஈஸ்டரோடு செல்லாது என்று அறிவித்து, அள்ளி உருக்கினார். கறுப்புப் பணத்தை ஒழிக்கிறேன் என்று ஒரே இரவில் அறிவிக்காமல், சில மாதத் தவணை கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

நல்ல காசும் அந்த ஆட்டு மயிரால்தான் வந்தது. இங்கிலாந்தில் பெரிய வெள்ளிச் சுரங்கம் கிடையாது. ஃப்ளாண்டர்ஸ் நெசவாளர்கள் ஆங்கில ஆட்டு மயிரை வாங்கிக் கொடுத்த வெள்ளி, ஜெர்மானியச் சுரங்கங்களிலிருந்து கைமாறி வந்தது. அது கோடிக்கணக்கான பென்னிகளாக அடிபட்டது. அதனால்தான் எழுநூறு ஆண்டு கழித்தும் நாணயக் கடையில் உங்கள் மகனுக்கு ஒன்று கிடைக்கிறது. பழமை என்றாலே அபூர்வம் என்று எண்ண வேண்டாம். கோல்செஸ்டர் நகரில் ஒரே தெருவில் 1902இல் ஈயக் கலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல், 1969இல் இன்னொரு ஈயக் கலத்தில் பதினாலாயிரத்துக்கும் மேல் பென்னிகள் கிடைத்தன. அவை எட்வர்டுக்கு முந்தியவை. பிரஸ்ஸல்ஸில் 1908இல் கிடைத்த புதையலில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் காசுகள். அதில் பெரும்பகுதி ஆங்கிலப் பென்னி.

பின்னால் காசு இளைத்தது. மாற்றைத் தொடாமல் எடையைக் குறைத்தார்கள்: 1351இல் 1.17 கிராம், 1412இல் ஒரு கிராமுக்குச் சற்றுக் கீழே, 1464இல் 0.78. மாற்றில் கை வைத்தவர் எட்டாம் ஹென்றி, அது 1540களில். சம்மட்டிக்கு 1662இல் ஓய்வு கிடைத்தது. இயந்திரம் விளிம்பில் எழுத்தும் வரியும் பதித்த காசில் யாருக்கும் தெரியாமல் ஓரம் வெட்ட முடியவில்லை. ஆனால் பழைய சம்மட்டிக் காசுகளில் வெட்டு தொடர்ந்தது; அவை 1696இல்தான் மொத்தமாகத் திரும்பப் பெறப்பட்டன.

இனி உங்கள் காசு. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசில் நிறுத்துப் பாருங்கள். 1.3க்கும் 1.45க்கும் இடையில் இருந்தால் நல்லது, 1.2 என்றால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் சிலுவை முனைகளைப் பாருங்கள். இரண்டு கிராமைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் சுற்றிப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு கோடு ஓடினால் அச்சில் அடித்ததில்லை, வார்த்தது. பரப்பில் ஊசிமுனைக் குழிகள் நிறைய இருந்தாலும் எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டிபோல வழுவழுப்பாக இருந்தாலும் வார்ப்புதான். அடித்த காசில் எழுத்தோரம் கூர்மையாக எழும்பி நிற்கும், விளிம்பில் சிறு விரிசல்கள் இருக்கும். தலையையும் சிலுவையையும் திருப்பிப் பார்க்கும்போது இரண்டும் நேர்கோட்டில் வராது. கையில் பிடித்த அச்சு எப்படித் திரும்பியிருந்ததோ அப்படி. அருங்காட்சியகக் கடைகள் நினைவுப் பொருளாக விற்கும் நகல்கள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. அவற்றில் வெள்ளியின் ஒலி இருக்காது. ஆனால் ஒலியைக் கேட்பதற்காகத் தரையில் போட்டுப் பார்க்காதீர்கள். எழுநூறு வருட வெள்ளி எளிதில் உடையும். புளி, விபூதி, பற்பொடி எதுவும் வேண்டாம். அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நல்ல காகித உறையில் வையுங்கள்.

உறையில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். தலையைச் சுற்றியுள்ள பெயரை மறுபடி படியுங்கள். எட்வர்டு என்பதன் முதல் மூன்று இலத்தீன் எழுத்துகளோடு நின்று, உடனே 'அரசன்' என்பதற்கான எழுத்து வந்தால் அது பொதுவாக 1279க்கும் 1300க்கும் இடைப்பட்டது, முதலாம் எட்வர்டுடையதுதான். பெயர் நான்கு, ஐந்து எழுத்துகளாக நீண்டிருந்தால் 1301க்குப் பிந்தியது. அப்போது 1307இல் பட்டத்துக்கு வந்த மகன் இரண்டாம் எட்வர்டுடையதாகவும் இருக்கலாம். ஃபாக்ஸ் சகோதரர்கள் நூறாண்டுகளுக்கு முன் இந்தக் காசுகளைப் பதினைந்து வகையாகப் பிரித்தார்கள். முதல் ஒன்பது வகைகள் தந்தையின் காலம். பத்தாவது 1301இலிருந்து ஏறக்குறைய 1310வரை, இரண்டு ஆட்சிகளிலும். மீதி மகனுடையவை. கிரீடத்தின் வடிவமும் எழுத்துகளின் வளைவும்தான் வகையை முடிவு செய்யும். இரு பக்கத்தையும் சாய்வெளிச்சத்தில் படம் எடுத்து, எடையோடு அனுப்பினால் எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.